மூன்று நிமிடப் பேச்சுக்கு முழுநாள் பயணமா?

எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருக்கிறார். கணவர் சபுராளி. பதினெட்டு வருடமாக ஜித்தாவில் கிடக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும், படுத்த படுக்கையாக மாமியாரும். இந்த லாத்தாவுக்குத் தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்யவில்லை. மாத்திரை சாப்பிட வேண்டும். அவ்வப்போது ரத்தம் சோதித்து மதுரையில் ஹார்மோன் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை என் மனைவி துணைக்குப் போக, நானும் கூடப் போனேன்.

பஜ்ர் தொழுத கையோடு பஸ் ஏறினோம். பத்தரை மணிக்கு டோக்கன் கிடைத்தது. கூப்பிட்டபோது லுஹர் நேரம் தாண்டி அஸர் நெருங்கிவிட்டது. உள்ளே போன லாத்தா மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். என்ன சொன்னார் டாக்டர்? "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா? அசதி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். ரத்தச் சோதனைக் காகிதத்தைப் பார்த்திருக்கிறார். 50 மைக்ரோகிராம் மாத்திரையை 75 ஆக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். வீடு திரும்பியபோது இரவு ஒன்பதரை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த நோயாளிக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. என் கேள்வி வேறு. அந்த மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரு பெண் ஏன் பதினைந்து மணி நேரம் அலைய வேண்டும்?

அலைந்து பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து என் மனைவி அவரைப் பார்க்கப் போனபோது முகம் ஊதியிருந்தது. குரல் கரகரத்திருந்தது. சித்திரை வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். "யாரு தங்கச்சி கூட்டிட்டுப் போவா? அவருக்கிட்ட சொன்னா அங்க கெடந்து கவலப்படுவாரு. மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாராம். மாமியாரோ, "மருமகளுக்குச் சோம்பல் புடிச்சிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுரப்பி வேலை செய்யாமல் உடம்பு மந்தப்பட்டுப் போன ஒரு பெண்ணுக்கு நம் சமுதாயம் வைத்த பெயர் சோம்பேறி!

சகோதரர்களே! உங்கள் தெருவில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

ஹார்மோன் நோய் என்றவுடன் ஏதோ பெரிய இடத்து வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயும் ஹார்மோன் நோய்தான். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன் போதாமல் போவதாலோ, சுரந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாததாலோ வருவது அது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. நூறு பெரியவர்களில் பதினொரு பேருக்கு என்று கணக்கு. நானும் அதில் ஒருவன். மேடை ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று சொம்புத் தண்ணீர் குடிப்பேன். பயான் சூடு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்த்த பிறகுதான் சூடு எங்கே என்று தெரிந்தது!

தைராய்டு, சர்க்கரை, பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டியும் மாதவிலக்குக் கோளாறும் என்று இந்த நோய்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலானவை ஒரு ஊசியில் தீர்ந்து போகிறவை அல்ல. வருடக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும், மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோக வேண்டும். கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பெரும்பாலும் ரத்தச் சோதனையின் எண்தான் சொல்கிறது. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் உடம்பு அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். சோதனை செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அந்த எண்ணை மதுரைக்கு அனுப்ப ஒரு பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

வேறு பல நோய்களுக்கு டாக்டர் தொலைவில் இருந்து பேசுவது அரைகுறை வைத்தியமாகப் போகலாம். வயிற்று வலிக்காரனை அமுக்கிப் பார்க்காமல் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஹார்மோன் மருத்துவத்தில் பாதிக்கு மேல் கேள்வி, பதில், எண், அளவு. தொலைமருத்துவம் என்பது இந்த நோயாளிகளுக்காகவே வந்தது போல எனக்குத் தோன்றுகிறது.

இது என் கற்பனை என்று யாராவது சொல்லக்கூடும். செங்கல்பட்டு மாவட்டத்தில் சூணாம்பேடு என்ற ஊர் இருக்கிறது. அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். அந்தச் சுற்று வட்டாரத்தில் 42 கிராமங்களில், சென்னையைச் சேர்ந்த டாக்டர் மோகனின் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் குழு ஒரு வேலையைச் செய்தது. ஒரு வேனுக்குள் சோதனைக் கருவிகளை வைத்தார்கள். கண்ணின் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, கால் நரம்பைச் சோதிக்கும் கருவி, ஈ.சி.ஜி. எல்லாம் அதில். இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்புக் கொடுத்தது. வேன் கிராமத்துக்குப் போகும். படமும் எண்ணும் சென்னைக்குப் போகும். டாக்டர்கள் அங்கிருந்தே பார்த்துச் சொல்வார்கள்.

அந்தக் கிராமங்களில் வயது வந்தவர்கள் 27,000 பேர். அவர்களில் 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி., ஒரே வருடத்தில் 9.3லிருந்து 8.5ஆக இறங்கியது. எட்டரை நல்ல கட்டுப்பாடு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கூலி வேலை செய்கிற கிராமத்து மக்களிடம் ஒரு வருடத்தில் அந்த அளவு இறங்குவது சாதாரணக் காரியம் அல்ல. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்றை: சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மீதிப் பேருக்கு ஊரிலேயே வைத்தியம் நடந்தது. 2012இல் இந்த முடிவுகள் மருத்துவ இதழில் வெளிவந்தன.

(2000ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவம் தொடங்கப்பட்டது. இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டனை வைத்துத் தொடங்கி வைத்தார்கள். அதிபர் வந்து தொடங்கி வைத்த காரியம் நம் தெருவுக்கு வர இருபது வருடமும் ஒரு கொரோனாவும் தேவைப்பட்டிருக்கிறது.)

சூணாம்பேட்டில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நோயாளி பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். ரத்தம் எடுக்க, காலைத் தொட்டுப் பார்க்க, கண்ணைப் படம் பிடிக்க, சொன்னதை மறுபடியும் விளக்க ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளையே பழக்கி வைத்திருந்தார்கள். பிறகு அங்கேயே ஒரு மருத்துவமனையும் அமைத்தார்கள். தொலைவில் இருக்கும் டாக்டருக்கு இந்தப் பக்கம் இரண்டு கைகள் வேண்டும். இதை மறந்துவிட்டு, கையில் போன் இருக்கிறது, டாக்டர் நம்பர் இருக்கிறது, இனி எதற்கும் எங்கேயும் போக வேண்டாம் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்?

எனக்குத் தெரிந்த ஒருவர், கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம். தைராய்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனிலேயே வைத்தியம் பார்த்தார். எண் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மாத்திரையும் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் முடிவெட்டப் போன இடத்தில், சவரம் செய்த தம்பி, "பாய், கழுத்துல ஒரு பக்கம் கட்டி மாதிரி தட்டுப்படுதே" என்றான். வருடக்கணக்கில் எந்த டாக்டரும் அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. இவரும் போய்க் காட்டவில்லை. பிறகு ஸ்கேன், ஊசி வைத்துச் சோதனை, அறுவை சிகிச்சை. அல்லாஹ் காப்பாற்றினான், நன்றாக இருக்கிறார். டாக்டர் செய்ய வேண்டியதைச் சவரக்கத்தி பிடித்த கை செய்தது.

ஆகவே எதற்குப் போன், எதற்கு நேரில் என்பதில் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. கழுத்தில் கட்டி என்றால் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரரின் காலில் புண் என்றால் புகைப்படம் போதாது. இன்சுலின் போடும் பிள்ளை வாந்தி எடுத்து, வயிறு வலிக்கிறது என்று துடித்து, மூச்சு வேகமாக வாங்கினால் போனை எடுக்காதீர்கள், ஆட்டோவை எடுங்கள். அது உயிர் போகிற நிலைமை. தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்குக் கார்பிமசோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும். அபூர்வமாகத்தான் வரும்; வந்தால் ஆபத்து. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்துவதும் அப்படித்தான். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்ற மோசடிகள் பல தடவை பிடிபட்டிருக்கின்றன. முகம் நிலா மாதிரி உருண்டுபோய் வருகிறவர்களை டாக்டர்கள் முதலில் கேட்பதே, "என்ன பொடி சாப்பிட்டீங்க?" என்றுதான்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. "பத்து நாளில் தைராய்டை வேரோடு அறுப்போம்", "இன்சுலினைத் தூக்கி எறியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிற குரல்கள். வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறான், பின்னால் புத்தக அலமாரி இருக்கிறது, அதனால் டாக்டராகத்தான் இருப்பான் என்று நம்பி ஆயிரம் இரண்டாயிரம் அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மார்க்க விஷயத்தில் ஆதாரம் என்ன என்று கேட்கப் பழகிய நாம், உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதன்படி வைத்தியம் சொல்லலாம். தன்னுடைய பதிவு எண்ணை அவர் மருந்துச் சீட்டில் போட வேண்டும். முதல் தடவை பார்க்கும் டாக்டர் பல மருந்துகளை வீடியோவில் முகம் பார்த்துத்தான் எழுத முடியும். வெறும் குரலில் எழுத முடியாது. போதைத் தன்மை உள்ள மருந்துகளைத் தொலைவில் இருந்து எழுதவே கூடாது. ஒரே நோய்க்கு அதே டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் பேசினால்தான் அது தொடர் சிகிச்சை என்று கணக்கு. நேரில் வா என்று சொல்ல எந்த நேரத்திலும் டாக்டருக்கு உரிமை உண்டு.

அந்த ஆறு மாதக் கணக்கை மனதில் வையுங்கள். எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கழுத்தையும் காலையும் கண்ணையும் காட்டுங்கள். இடையில் வருகிற அளவு மாற்றத்துக்கெல்லாம் போன். நாலு பயணம் இரண்டாகும். இரண்டு பயணம் என்றால் லாத்தா நிறுத்தியிருக்க மாட்டார்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நெறிமுறை இந்திய எல்லைக்குள் நடக்கும் ஆலோசனைக்குத்தான். ரியாத்தில் இருந்துகொண்டு சென்னை டாக்டரிடம் வாட்ஸ்அப்பில் மருந்து கேட்பது இதற்குள் வராது. அங்கே உங்களுக்கு என்று இருக்கிற காப்பீட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விடுமுறையில் வரும்போது டாக்டரிடம் சீட்டும் சோதனைக் காகிதமும் வாங்கிக்கொண்டு போங்கள்.

இனி கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டர் போனில் வந்துவிட்டார், சரி. அந்தப் போன் யாருடையது? பல வீடுகளில் மைத்துனன் கையிலோ, மகன் கையிலோ இருக்கிறது. மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப் போனது என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்தில் மைத்துனன் நிற்கிறான். அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவாள். மருத்துவமனையில் கதவைச் சாத்திக்கொண்டு பெண் டாக்டரிடம் சொல்லியிருப்பாள். இங்கே வீட்டு நடுவில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கேட்கிறோம். பர்தாவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சுக்குத் திரை போட வேண்டும் என்று யோசித்தோமா?

இன்னும் சிலர், மனைவிக்குப் பதிலாகத் தாங்களே டாக்டரிடம் பேசிவிடுகிறார்கள். "அவளுக்குப் பேசத் தெரியாது டாக்டர், நான் சொல்றேன்." குழந்தைக்காகப் பேசலாம், நினைவு இல்லாதவருக்காகப் பேசலாம். பேச முடிகிற பெரியவருக்காக இன்னொருவர் பேச வேண்டுமானால் அதற்கு முறையான அனுமதியோ உறவுக்கான ஆதாரமோ வேண்டும் என்றுதான் நெறிமுறை இருக்கிறது. அசதி அவளுக்கு. முடி உதிர்வது அவளுக்கு. அதை அவள் வாயால் சொல்ல விடுங்கள்.

குமருப் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். பதினெட்டு வயதில் மாதவிலக்கு மூன்று மாதம் வரவில்லை, முகத்தில் ரோமம் வளர்கிறது, உடம்பு போடுகிறது என்றால் உம்மா முதலில் நினைப்பது வைத்தியத்தைப் பற்றி அல்ல. "வெளியே தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?" இதுதான் முதல் நினைப்பு. நீர்க்கட்டிப் பிரச்சினை பெண்களிடம் சர்வ சாதாரணமாகக் காணப்படுவது. கவனித்தால் கட்டுக்குள் வரும். கவனிக்காமல் விட்டால் பின்னாளில் சர்க்கரையும் கூடச் சேரும். மறைத்து வைத்துக் கல்யாணம் முடித்து, குழந்தை இல்லை என்று மூன்றாம் வருடம் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிற கதைகளைப் பஞ்சாயத்துப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாமல், தொலைவில் உள்ள ஒரு பெண் டாக்டரிடம் பேச இன்றைக்கு வழி இருக்கிறது. தனி அறையும் ஒரு போனும் அரை மணி நேரமும் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் துணை. டோக்கன் கிடைக்கிற வரை, கணவன் லீவில் வருகிற வரை அது காத்திருக்காது. ஒரு போன்! அதற்குக்கூட நாம் தாமதிக்கிறோம்.

அடுத்தது ரமளான். சர்க்கரை நோயாளிகள் பலர் டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையைத் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். காலை மாத்திரையை ஸஹரில் போட்டுவிட்டு, மதியம் கை நடுங்கி வியர்த்துப் பள்ளிவாசலில் சாய்ந்தவரை நானே தூக்கியிருக்கிறேன். இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் பட்டினி நேரத்தில் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். நோன்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசச் சொல்கிறார்கள் இந்தத் துறை வல்லுநர்கள். அதாவது ரஜப் முதல் பாதியிலேயே. ரஜபில் பேசுவதற்கு ஊர் விட்டுப் போக வேண்டியதில்லை. மூன்று மாதச் சராசரியும், சிறுநீரகச் சோதனையும் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசினாலே போதும். நோன்பின் நடுவிலும் விரலில் குத்திச் சோதித்து எண்ணை அனுப்பலாம். குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சின்ன வயதிலிருந்து இன்சுலினில் இருப்பவர்கள், சர்க்கரை உள்ள கர்ப்பிணிகள் போன்றவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அவன் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளுவதில் என்ன தக்வா இருக்கிறது? இதை ஜும்ஆ மேடையில் சொல்ல வேண்டியவர்கள் எங்களைப் போன்ற ஆலிம்கள்தான். பல வருடம் நானும் சொல்லாமல்தான் இருந்தேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இ-சஞ்சீவனி என்ற இலவசத் தொலைமருத்துவச் சேவையை மத்திய அரசு 2019இல் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச வழி திறந்தார்கள். தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்தியது தமிழ்நாடுதான். 2023 தொடக்கத்தில் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, அங்குள்ள ஊழியர் துணையோடு பெரிய டாக்டரிடம் பேசும் வசதியும் அதில் உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. நாம் கேட்க வேண்டியது, தைராய்டு மாத்திரையும் அதே போல வாசலுக்கு வர வேண்டும், டி.எஸ்.எச். சோதனைக்கு மாவட்டத் தலைநகருக்கு ஓடாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும் என்பதை. இந்தக் கோரிக்கையில் மதம் எதுவும் இல்லை. மேலத்தெருக்காரர்களும் மீனவர் குப்பத்துக்காரர்களும் நம்மோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள்.

ஆனால் மனுக் கொடுத்துவிட்டு அடுத்த மனுவுக்குக் காத்திருப்பதோடு நம் வேலை முடியவில்லை. எங்கள் கிளையில் ஏழு மாதமாக ஒரு முயற்சி நடக்கிறது. அலுவலகத்தின் பின்னறையைக் காலி செய்தோம். பழைய போஸ்டர்களும் மைக் செட்டும் கிடந்த அறை. ஒரு மேஜை, எடை பார்க்கும் கருவி, பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, பெரிய திரையுள்ள ஒரு டேப்லெட். நர்சிங் படித்துவிட்டுக் கல்யாணமாகி வீட்டில் இருந்த சகோதரி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தோம். செவ்வாய், வியாழன் பெண்களுக்கு மட்டும். சோதனைக்கூடக்காரர் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார். டாக்டரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நோயாளி ஏற்கனவே பார்க்கும் டாக்டரிடமோ அரசு சேவையிலோ இணைத்துவிடுவதோடு சரி. ஏழைகளுக்குச் சோதனைக் கட்டணம் பைத்துல்மாலில் இருந்து.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று பெருமையடிக்க மாட்டேன். முதல் இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்த ஒரு சகோதரி, வாசலில் நம் தம்பிமார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் அந்த இரண்டு நாளும் ஆண்கள் யாரும் அலுவலகத்துக்குள் வரக்கூடாது என்று முடிவெடுத்தோம். சில பேருக்கு முகம் சுருங்கியது. மழை நாளில் நெட் கிடைக்காமல் பாதிப் பேச்சில் டாக்டர் மறைந்து போனதும் உண்டு. ஒருவர் முழங்கால் வலிக்கு வந்து, டேப்லெட்டிடம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்!

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். அந்தச் சகோதரி தானாக ஒரு மாத்திரைகூடச் சொல்ல மாட்டார். யார் வந்தார்கள், என்ன நோய் என்பது அந்த அறையைத் தாண்டி வெளியே போகாது. நோட்டுப் புத்தகம் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, சாவி என்னிடம்கூடக் கிடையாது. உங்கள் கிளையில் இதைத் தொடங்குவதாக இருந்தால் முதலில் அந்தப் பூட்டை வாங்குங்கள். டேப்லெட் அப்புறம்.

லாத்தா நான்காம் மாதம் வந்தார். என் மனைவிதான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்துவிட்டு மதுரை டாக்டர், ரொம்ப நாளாகிவிட்டது, ஒரு தடவை நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். போனார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இதயத்தையும் சோதித்து, குறைந்த அளவில் தொடங்கி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும் என்பதை முதல் தடவையாக விளக்கியிருக்கிறார்கள். இத்தனை நாளும் மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தப் பின்னறையில் இருந்துதான் பேசினார். அளவு இரண்டு படி ஏறியிருக்கிறது. போன வியாழக்கிழமை மாமியாரின் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், கருவியை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டனுப்பியிருக்கிறார். சகோதரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 286 இருந்தது.